மருமகள் எந்த நாட்டுக்குச் சொந்தம்?

(துறைமுகப் பகுதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஹஜ்ரத், விளையாட்டுக்காரர்களின் கல்யாணத்தைப் பற்றி நமக்கு என்ன பேச்சு? ரேஷன் கார்டு, வக்ஃபு சொத்து, இட ஒதுக்கீடு என்று பேச எவ்வளவோ இருக்கிறதே" என்று மேடைக்கு வருமுன் ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு பெண் யாரைக் கைப்பிடித்தாள் என்பதை வைத்து அவளுடைய நாட்டுப்பற்றை எடை போடுகின்ற வழக்கம் இந்த நாட்டில் வேரூன்றிவிட்டது. இன்று அந்தத் தராசில் பிரபலமான ஒருத்தியை வைக்கிறார்கள். நாளை அதே தராசு உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். வந்துமிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி ஹைதராபாத்தில் டென்னிஸ் வீராங்கனை சானியா மிர்சாவுக்கும் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷோயப் மாலிக்குக்கும் நிக்காஹ் நடந்தது. உடனே கிளம்பியது பாருங்கள் ஒரு கூட்டம்! சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே, இனி சானியா இந்தியப் பெண்ணாக இருக்க மாட்டார் என்று எழுதினார். அவருடைய இதயம் இந்திய இதயமாக இருந்திருந்தால் அது ஒரு பாகிஸ்தானியருக்காகத் துடித்திருக்காது என்றும், இந்தியாவுக்காக ஆட வேண்டுமானால் இந்திய மாப்பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும் என்றும் அவர் வாதம் போயிற்று. இதயத்திற்குக் கூடப் பாஸ்போர்ட் கேட்கிற தேசபக்தி அது!

சரி, அந்தப் பெண் என்ன செய்தார்? அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது. இந்தியக் கொடியின் கீழ் ஆடி ஒற்றையர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். நவம்பரில் சீனாவின் குவாங்சௌ நகரில் ஆசியப் போட்டி. அங்கே கலப்பு இரட்டையரில் வெள்ளி, ஒற்றையரில் வெண்கலம். தன் வாழ்நாளில் அவர் வென்ற கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள் ஆறு. அவற்றில் ஒன்றுதான் திருமணத்திற்கு முன்பு வந்தது. மற்ற ஐந்தும் 'இந்தியப் பெண்ணாக இருக்க மாட்டார்' என்று தீர்ப்புச் சொன்ன பிறகு வந்தவை! 2015 ஏப்ரலில் இரட்டையர் ஆட்டத்தில் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். எந்த நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அந்த முதல் இடம் எழுதப்பட்டது? பாகிஸ்தானுக்குப் பக்கத்திலா?

இத்தனைக்கும் பிறகாவது வாயை மூடினார்களா? இல்லை. 2014 ஜூலையில் புதிதாகப் பிறந்த தெலங்கானா மாநில அரசு அவரை விளம்பரத் தூதராக நியமித்தபோது, அங்குள்ள பா.ஜ.க. தலைவர் லட்சுமண், 'பாகிஸ்தானின் மருமகள்' என்றார். தான் இறுதிவரை இந்தியப் பெண்தான் என்று சானியா அறிக்கை விட வேண்டியதாயிற்று. 2019இல் புல்வாமாவில் நம் வீரர்கள் கொல்லப்பட்டபோது மறுபடியும் அதே பல்லவி! குண்டு வைத்தவன் எவனோ, பதில் சொல்ல வேண்டியவள் ஹைதராபாத்தில் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்.

'மருமகள்' என்கிற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நம்முடைய காயல்பட்டினத்தில் பெண் கல்யாணமாகி வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். கொழும்பில் கடை வைத்திருந்தாலும் ஹாங்காங்கில் ரத்தின வியாபாரம் செய்தாலும் ஊருக்கு வந்தால் அவர் தங்குவது மனைவியின் வீட்டில்தான். மகள் கடைசிவரை வாப்பா, உம்மா வீட்டுப் பெண்ணாகவே இருப்பாள். நம் ஊர் லாத்தா ஒருத்தியிடம் போய், "நீ உன் மாப்பிள்ளையின் நாட்டுக்குச் சொந்தம்" என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறதென்று! கணவன் எங்கே இருக்கிறானோ அதுவே மனைவியின் நாடு என்பது இந்த மண்ணின் வழக்கமும் அல்ல. மார்க்கத்தின் சட்டமும் அல்ல. நிக்காஹ்வுக்கு வலீ வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், மஹர் வேண்டும், இரு தரப்பின் சம்மதம் வேண்டும். எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்கும் நிபந்தனை எதுவும் அதில் கிடையாது.

அது மேல்நாட்டுச் சரக்கு! அமெரிக்காவில் 1907இல் ஒரு சட்டம் போட்டார்கள். வெளிநாட்டவனை மணந்தால் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்துவிடுவாள். ஆண் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. 1922இல்தான் அதைத் திருத்தத் தொடங்கினார்கள். பிரிட்டனில் இந்த அநியாயம் 1948 வரை நீடித்தது. சுதந்திர இந்தியாவின் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விதி இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால்தான் இந்தியக் குடியுரிமை போகும், கல்யாணத்தால் போகாது. சட்டம் கேட்காத கேள்வியை இவர்கள் கேட்கிறார்கள். பாகிஸ்தான் சட்டத்திலும் ஒரு கோணல் இருந்தது. அந்நாட்டு ஆண் மணந்த வெளிநாட்டு மனைவிக்குக் குடியுரிமை கிடைக்கும், அந்நாட்டுப் பெண் மணந்த வெளிநாட்டுக் கணவனுக்குக் கிடைக்காது. இது பாரபட்சம் என்று 2007இல் சொன்னது அங்குள்ள மத்திய ஷரீஅத் நீதிமன்றமே! ஷரீஅத் என்றாலே பெண்ணடிமை என்று கூவுகிறவர்கள் இதையும் படிக்கட்டும்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ஆஸ்திரியாவைச் சேர்ந்த எமிலி ஷெங்கலை மணந்தார். அவருடைய தேசபக்தியில் குறை கண்டவர் உண்டா? கே.ஆர். நாராயணன் பர்மாவில் தூதரகப் பணியில் இருந்தபோது மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்ணை விரும்பி 1951இல் மணந்தார். வெளியுறவுப் பணியில் இருப்பவர் அந்நியரை மணக்கத் தனி அனுமதி வேண்டும். பிரதமர் நேருவிடம் போய் வாங்கினார். உஷா நாராயணன் என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த அம்மையார் 1997இல் ராஷ்டிரபதி பவனுக்குள் நாட்டின் முதல் பெண்மணியாக நுழைந்தார். 2019 முதல் வெளியுறவு அமைச்சராக இருக்கும் ஜெய்சங்கரின் துணைவியார் ஜப்பானியர். இவையெல்லாம் நல்ல விஷயங்கள், நாம் குறை சொல்லவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான்: நாட்டுக்குள் வருகிற பெண்ணுக்கு ஆரத்தி, நாட்டை விட்டே போகாத பெண்ணுக்கு அவமானமா? வருகிற பெண்ணையும் எப்போதும் விட்டுவைத்தார்கள் என்று சொல்ல முடியாது. சோனியா காந்தி 1968இல் மருமகளாக வந்து, 1983இல் குடியுரிமை பெற்று, கணவரை ஸ்ரீபெரும்புதூரில் பறிகொடுத்த பிறகும், 'அந்நியர்' என்ற சொல் அவரை விடவில்லை.

ஜின்னாவின் மகள் கதை தெரியுமா? தீனா வாடியா! தந்தை எதிர்த்தும் 1938இல் நெவில் வாடியாவை மணந்தார். 1947இல் தந்தை ஒரு நாட்டையே உண்டாக்கிக் கொண்டு போனார், மகள் போகவில்லை. நாடுகள் பிரிந்த கணக்கும் வீடுகள் பிரிந்த கணக்கும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2005 மார்ச்சில் இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன் சென்னைப் பெண் மதிமலரை மணந்தார். எவராவது 'இலங்கையின் மருமகள்' என்று அந்தப் பெண்ணைத் தூற்றினார்களா? 2008இல் அவர் சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டை போட்டு வந்தபோது 'நம்ம ஊர் மாப்பிள்ளை' என்று சேப்பாக்கமே கை தட்டியது. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் தன் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். வீழ்ந்தவர் இந்திய வீரர்! அப்போதும் எவரும் மனைவியைப் பிடித்துக் கேள்வி கேட்கவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் காற்று மாறியது. இலங்கையில் 2009இல் நடந்த கொடுமைகளை நாம் மறக்கவில்லை. அந்தக் கோபத்தில் நமக்கும் பங்குண்டு. 2013இல் இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஆடக்கூடாது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான். 2020இல் அவருடைய வாழ்க்கைக் கதையில் நடிக்க விஜய் சேதுபதி ஒப்புக்கொண்டபோது எதிர்ப்பு எழுந்து, முரளிதரனே கேட்டுக்கொள்ள, அவர் விலகினார். எதிர்ப்புச் சொல்ல ஜனநாயகத்தில் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தச் சந்தடியில் அந்த நடிகருடைய சின்ன மகளைப் பற்றி நாக்கூசும் மிரட்டல் ஒன்றை ஒருவன் எழுதினான். போலீஸ் வழக்குப் பதிந்தது. கவனியுங்கள் சகோதரர்களே! சண்டை எதைப் பற்றியதாகவும் இருக்கட்டும், கடைசியில் கை நீளுவது ஒரு வீட்டுப் பெண்பிள்ளையை நோக்கித்தான்.

நம் சமுதாயத்தையும் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். 2005இல் சானியாவின் உடையைப் பற்றி ஃபத்வா, அறிக்கை என்று பத்திரிகைக்குத் தீனி போட்டவர்கள் நம்மவர்கள். உடையைப் பற்றி மார்க்கம் சொல்வது தெளிவு. அதை நஸீஹத்தாகச் சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது, மைக் போட்டு ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்துவது அந்த முறை அல்ல. அவர்களே 2010இல் அவர் கல்யாணத்தை ஏதோ கைபர் கணவாயைக் கைப்பற்றியது போலக் கொண்டாடினார்கள். 2024 ஜனவரியில் ஷோயப் மாலிக் வேறு திருமணம் செய்த செய்தி வந்தது. சில மாதங்களுக்கு முன்பே பிரிந்துவிட்டோம் என்று சானியாவின் குடும்பம் அறிவித்தது. உடனே ஒரு பக்கம் 'நாங்கள் அப்போதே சொன்னோமே' என்று சிரிப்பு, இன்னொரு பக்கம் நம் பிள்ளைகளின் செல்போனில் கேலிப் படங்கள். குலா என்பது அல்லாஹ் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த உரிமை. அதை ஒருத்தி பயன்படுத்தினால் அதில் இந்தியா தோற்கவும் இல்லை, பாகிஸ்தான் ஜெயிக்கவும் இல்லை.

பிரபலங்கள் தப்பித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு துபாயில் வீடு இருக்கும், வக்கீல் இருப்பார். அடி விழுவது ஏழை வீட்டில்தான். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் சுற்றுலா வந்த அப்பாவிகளைப் படுபாவிகள் சுட்டுக் கொன்றார்கள். அதைச் செய்தவர்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பு இல்லை. அதற்குப் பின் பாகிஸ்தானியரின் விசாக்கள் ரத்தாயின. அட்டாரி எல்லை மூடப்பட்டது. அங்கே நின்ற தாய்மார்களைப் பார்த்தீர்களா? தாயின் கையில் இந்தியப் பாஸ்போர்ட், பிள்ளைகளின் கையில் பாகிஸ்தான் பாஸ்போர்ட். பிள்ளை போகலாம், தாய் போகக்கூடாது! அத்தை மகன், மாமன் மகள் என்று இரண்டு பக்கமும் உறவு உள்ள சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் அவர்கள். எந்தப் பத்திரிகையும் அவர்கள் கல்யாணத்திற்குப் படம் போட்டதில்லை. நீண்டகால விசா வைத்திருந்தவர்களுக்கு விலக்கு என்று அரசு அறிவித்தது. ஆகவே அந்தக் காகிதம் கையில் இருந்த பெண் தப்பினாள், இல்லாதவள் அழுதாள்.

இதை ஏன் இந்தத் துறைமுகத்தில் நின்று சொல்கிறேன்? கொழும்பு நமக்கு அக்கரை அல்ல, அடுத்த தெருவாக இருந்த ஊர். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்தக் கரைக்கும் கொழும்புக்கும் இடையில் கப்பல் விடத்தான். அதில் இரண்டு லட்சம் ரூபாய்க்கு எட்டாயிரம் பங்குகளை எடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். நாட்டுப்பற்றுக்கு நாம் கட்டிய சந்தா அது. ரசீது கேட்பவர்களுக்குச் சரித்திரம் காட்டும். முத்துக் குளித்த காலத்தில் பரதவரும் நம்மவரும் ஒரே வளைகுடாவில் மூழ்கினார்கள், சலாபம் எந்தக் கரையில் திறந்ததோ அந்தக் கரைக்குப் போனார்கள். மன்னார் வளைகுடாவில் எல்லைக்கோடு ஒப்பந்தமானது 1976இல்தான். அதற்கு முன்பே 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று மனிதர்களை மூட்டை போல் பிரித்தார்கள். அண்ணன் இங்கே, தங்கை அங்கே என்று ஆன குடும்பங்கள் எத்தனை! 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மறுபடி விட்டார்கள். அது அந்த ஆண்டைக்கூடத் தாண்டவில்லை.

ஆகவே இந்தக் கரையில் கடல் தாண்டிப் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் உணர்ச்சிப் பேச்சோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. காகிதத்தைச் சரி செய்யுங்கள்! ஜமாஅத் நிக்காஹ் புத்தகத்தில் எழுதியதோடு இருந்துவிடாதீர்கள், அரசுப் பதிவும் வேண்டும். வெளிநாட்டு மாப்பிள்ளையோ மருமகளோ இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இங்கே ஏழு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். இலங்கைக் குடிமக்கள், பதிவான திருமணம் இரண்டு ஆண்டுகள் நீடித்த பிறகு ஓ.சி.ஐ. அட்டை கேட்கலாம், பாகிஸ்தான், பங்களாதேஷ் குடிமக்களுக்கு அது கிடையாது. இரட்டைக் குடியுரிமை நம் நாட்டில் இல்லை. அவசரத்தில் அங்கே ஒரு பாஸ்போர்ட் வாங்கிவிட்டால் இங்குள்ளது போய்விடும். பிள்ளை அங்கே பிறந்தால் ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாமதித்தால் டெல்லியின் அனுமதி வேண்டும், அந்த அலைச்சலை நீங்கள் தாங்க மாட்டீர்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு நம் கிளை அலுவலகத்திற்கு வாருங்கள். இரு தரப்புப் பாஸ்போர்ட் நகல், நிக்காஹ் பதிவின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். பெண்கள் தனியாகவும் வரலாம். அவர்களுக்குத் தனி இடமும், விவரம் தெரிந்த சகோதரிகளும் இருப்பார்கள்.