விக்டோரியா ஏரியில் விட்ட மீன்



மீனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். ஒரு மீன் மூன்று தேசத்து ஜனங்களின் வயிற்றில் எப்படிக் கை வைத்தது என்று கேட்டால் அந்தச் சிரிப்பு நிற்காது.

ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரி என்று ஒன்று இருக்கிறது. நம் ஊர் ஏரியை நினைத்துவிடாதீர்கள். அது சுமார் 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். கென்யா, உகாண்டா, டான்சானியா மூன்றும் அதன் கரையில் இருக்கின்றன. அதில் சின்னஞ்சிறு மீன்கள் சுமார் 500 ஜாதி இருந்தன. (ஜாதி என்றால் நம் நாட்டு ஜாதியல்ல, இது உண்மையிலேயே இருக்கிற ஜாதி.) ஒன்று பாசியைத் தின்னும், ஒன்று நத்தையை உடைத்துத் தின்னும், ஒன்று சேற்றில் மக்கியதைத் தின்னும்.

வெள்ளைக்காரர்கள் அங்கே 1905-ல் செவுள் வலையைக் கொண்டு வந்தார்கள். ஜனங்கள் விரும்பிச் சாப்பிட்ட பெரிய மீன் குறைந்து போயிற்று. உடனே வலையைக் குறை சொன்னார்களா? இல்லை, ஏரியைக் குறை சொன்னார்கள். சிறு மீன் காசு பெறாது, அதைத் தின்று கொழுக்கும் பெரிய மீனை விட்டால் லாபம் என்று கணக்குப் போட்டார்கள். அதுதான் நைல் பெர்ச். நம் கொடுவாவின் இனம், 200 கிலோ வரை வளரக் கூடியது.

இது ஆபத்து என்று ஜெப்ரி பிரையர் என்ற விஞ்ஞானி 1960-ல் எழுதினார். எழுதி என்ன பிரயோசனம்? 1954-லேயே உகாண்டாவில் ஜிஞ்சாப் பக்கம் ரகசியமாய் விட்டாகிவிட்டதே! பிறகு 1962-ல் பகிரங்கமாகவே விட்டார்கள். கரையில் வலை வீசிப் பிழைத்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நாம் கேட்கிறோம்.

இருபது வருஷத்துக்குப் பெரிதாய் ஒன்றும் தெரியவில்லை. 1980-க்குப் பிறகு பார்த்தால், ஏரியின் மீன் எடையில் நூற்றுக்கு 80 பங்கு இருந்த சிறு மீன்கள் ஒரு பங்குகூட இல்லை. சுமார் 200 ஜாதி காணாமற் போயிற்று. பாசியைத் தின்ன ஆளில்லை. வயல் உரமும் ஊர்ச் சாக்கடையும் வேறு வந்து சேர்ந்தன. பாசி பெருகி அழுகி, அடித் தண்ணீரில் பிராணவாயு அற்றுப் போயிற்று.

விறகின் கதையைக் கேளுங்கள். சிறு மீனை வெயிலில் போட்டால் காய்ந்துவிடும்; வெயிலுக்குக் காசில்லை. புது மீனோ கொழுப்பு மீன், வெயிலில் காயாது, புகை போட வேண்டும். புகைக்கு விறகு, விறகுக்கு மரம். கரை மரங்கள் போயின. மண் கரைந்து அந்த ஏரிக்கே வந்தது.

லாபமே இல்லையா என்பீர்கள். இருந்தது, மறைக்க மாட்டோம். பிடிபடும் மீன் பல மடங்கு ஏறிற்று. பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் தொழிற்சாலைகள் சதையைச் சீவி ஐரோப்பாவுக்கு அனுப்பின. கரையில் இருந்த ஏழைக்கு மிஞ்சியது தலையும் முள்ளும்! கருவாடு விற்றுப் பிழைத்த பெண்களுக்குப் பெரிய மீனை வாங்க முதல் ஏது?

இதையும் விதி என்று சொல்லுவோர் உண்டு. விதி எங்கே வந்தது, தோழர்களே? கொண்டுவந்து விட்டவன் மனிதன், வருஷம்கூடத் தெரிகிறது.

1990-க்குப் பிறகு அளவுக்கு மிஞ்சிப் பிடித்ததில் பெர்ச்சும் குறைந்தது. சிறு மீன்களில் சில ஜாதி மறுபடி தலைகாட்டின. போனவற்றில் பல இன்னும் திரும்பவில்லை.