முதல் பள்ளிக்கூட வாசல்

விஜயதசமி அன்று நெல்லில் 'அ' எழுத வைத்ததும், பிள்ளையை மழலையர் பள்ளியில் சேர்க்க ஆசைப்படுகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், வகுப்பு நடக்கிற நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அழுகிற பிள்ளையை ஆசிரியை தூக்கிக்கொள்கிறாரா, அதட்டுகிறாரா? ஒருவர் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள்? கழிப்பறை சின்னக் கால்களுக்குத் தோதாக இருக்கிறதா? யார் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்புவார்கள்? அரசு அங்கீகாரம் உண்டா? தயங்காமல் கேளுங்கள்.

மூன்று வயது விரல்களுக்குப் பென்சில் பிடித்துப் பக்கம் பக்கமாக எழுதும் வலு இன்னும் வந்திருக்காது. மண் பிசைவதும், மணி கோப்பதும், கதை கேட்பதும்தான் அந்த வயதின் படிப்பு. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளில், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி கட்டணமில்லாமல் கிடைக்கிறது. உங்கள் தெருப் பக்கம் இருப்பதையும் எட்டிப் பாருங்கள்.

முதல் சில நாள் பிள்ளை அழும். கண்ணில் படாமல் நழுவி வந்துவிடாதீர்கள். "மதியம் அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் வாசலில் நில்லுங்கள். அந்த நம்பிக்கைதான் பிள்ளை கற்கும் முதல் பாடம்.