கச்சானும் வாடையும் நடத்தும் பள்ளிக்கூடம்



திருகோணமலை நகரிலே 1867ஆம் ஆண்டில் கத்தோலிக்க மறைபரப்பாளர்கள் தொடங்கிய கல்விக்கூடம், புனித சூசையப்பர் கல்லூரி. அதே நகரில் 1852இல் எழும்பிய புனித மரியாள் பேராலயம் இருக்கிறது; டச்சுக் குடாக் கரையும் பிரெடெரிக் கோட்டையும், கோட்டைக்குள்ளே சுவாமிமலை உச்சியில் கோணேசர் கோயிலும் இருக்கின்றன. இந்தச் சூழலில் படிக்கிற பிள்ளைக்கு ஓர் ஆண்டு எப்படிக் கழிகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலாந் தவணை தொடங்கும்போது மாரி மழை ஓய்ந்துகொண்டிருக்கும். மைதானத்து ஈரம் காய, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஆயத்தம் நடக்கும். அதையொட்டித் தவக்காலமும் வந்துவிடும். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிய கத்தோலிக்கப் பிள்ளையும் விபூதி பூசிய சைவப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிப்பார்கள். அது இந்த ஊருக்குப் புதினமே இல்லை. குருத்தோலை ஞாயிறும் கோணேசர் கோயில் பங்குனித் திருவிழாவும் அடுத்தடுத்து வரும் நாட்களில் நகரம் முழுவதும் தெருவில்தான் நிற்கும்.

வைகாசி பிறந்தால் கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடேறி வருகிறது. கொழும்பு நனைகிற மாதங்களில் திருகோணமலை வெந்துபோவது இதனால்தான். கச்சான் தரையிலிருந்து வீசுவதால் கடல் மட்டும் அடங்கிக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இந்தப் பருவத்தில் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அவர்களிலும் கத்தோலிக்கர் பலர். கரைவலை இழுப்பதும் இப்போதுதான். சந்தையில் பாலைப்பழம் குவியும். சுவாமிமலைக்கு அப்பால் ஆழ்கடலில் நீலத் திமிங்கிலங்கள் மூச்சுவிட மேலே வரும். உலகின் மிகப் பெரிய உயிரினத்தை இவ்வளவு கரையோரமாகக் காணக்கூடிய இடங்கள் சொற்பம். 1980களில் ‘டியூலிப்’ என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இக்கடலிலேதான் அவற்றைத் தேடினார்கள்.

வெயில் தாழ்ந்தால் புள்ளிமான்கள் கோட்டையை விட்டுத் தெருவுக்கு வரும். ஓகஸ்ட் விடுமுறையில், 15ஆம் திகதி மடு மாதா திருநாளுக்காகக் குடும்பங்கள் புறப்படும்.

ஒக்டோபர் கடைசியில் காற்றுத் திரும்பும். வாடை எழும்பினால் வெளிக்கடல் கொந்தளிக்கும்; மலைகள் சூழ்ந்த உள்துறைமுகமோ அசையாமல் கிடக்கும். வல்லரசுகள் இத்துறைமுகத்துக்காகப் போரிட்டதன் காரணத்தைச் சரித்திரப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. வாடை நாளொன்றில் இரண்டு கரையிலும் போய் நின்றால் போதும். நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலையில் குடையின் கீழே மெழுகுதிரி கொளுத்துவார்கள். மூன்றாந் தவணை முடிவில் ஒளி விழா. பாலன் குடில் கட்டுவதிலும் கரோல் பாடுவதிலும் எல்லாச் சமயப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள்.

இந்தப் பருவத்துக்குக் கொடிய முகமும் உண்டு. 1964 டிசம்பர் 22ஆம் திகதி, நத்தாருக்கு மூன்று நாட்கள் இருக்கையில், பெரும்புயல் இந்தக் கரையைத் தாக்கியது. பருவத்தின் குற்றமல்ல என்றாலும், 2004இல் நத்தாருக்கு மறுநாளே ஆழிப்பேரலையும் வந்தது. புயலைப் பழகிய மனிதர்களும் இங்கே வந்ததுண்டு: அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து இயேசு சபைக் குருக்கள் இந்த மறைமாவட்டத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவரான இக்னேஷியஸ் கிளெனி ஆண்டகை 1947இல் ஆயரானார். அவர்கள் விட்டுவந்த கரையும் புயலுக்குப் பேர்போனது. காற்றைக் கவனிக்காத கரையோரத்தான் பிழைக்க மாட்டான் என்பதை இரண்டு ஊர்களும் பட்டுத்தான் அறிந்தன.

நேயர்களே, இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மழை எத்தனை மில்லிமீற்றர் என்று வானிலை அவதான நிலையம் அளந்து எழுதிவிடும். பாடசாலை வேம்பு என்றைக்குப் பூத்தது, முதல் கச்சான் என்றைக்கு அடித்தது, பாலைப்பழம் சந்தைக்கு எப்போது வந்தது, மான்கள் எதைத் தின்கின்றன என்பதை யார் எழுதுகிறார்கள்? காலநிலை மாறுகிறது என்று பிள்ளைகள் பரீட்சையில் எழுதுகிறார்கள். தங்கள் வளவில் அது எப்படி மாறுகிறது என்று கேட்டால் சொல்லக் கையில் ஆதாரம் இல்லை. ஆண்டு தவறாமல் எழுதப்பட்ட திகதிகள்தான் அந்த ஆதாரம்.

ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, வகுப்புக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். காற்று, மழை, பூ, பழம், பறவை, மீன் என்று கண்டதைத் திகதியோடு பிள்ளைகள் எழுதட்டும். தவணை முடிந்ததும் எறியாமல், நூலகத்தில் சேர்த்து வையுங்கள். அடுத்த ஜனவரியிலேயே தொடங்கலாம். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.