சமாதியைக் கட்டிய கை

பெண் படைப்பாளிகளுக்கு விழா எடுப்பதால் பயன் உண்டா என்பது கேள்வி. உண்டு என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சற்று முன் சொன்னார்: "படைப்பில் உயிர் இருந்தால் அது தானே நிற்கும். மாலை எதற்கு, மேடை எதற்கு?" தானே நிற்குமா ஐயா? தியாகராஜரையே எடுத்துக்கொள்வோம். 1847இல் மறைந்தார். பாட்டைச் சீடர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் திருவையாற்றில் காவிரிக்கரையில் இருந்த அவர் சமாதி கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1920களில் அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் பிறந்தவர். பாடிச் சம்பாதித்த பணத்தை அந்தக் கல்லிலும் சுண்ணாம்பிலும் போட்டார். தியாகராஜருக்கே, நடுவர் அவர்களே, நினைவைக் காக்க ஒருவர் வேண்டியிருந்தது!

அந்தச் சமாதியில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாட இடம் கொடுக்கவில்லை. கட்டியவருக்கே இடமில்லை. அவர் மனம் நொந்து ஊர் திரும்பிவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஓர் ஆராதனை நடத்தினார். "பெண்கள் கட்சி" என்று அதற்குப் பெயர் வந்தது. 1940 வாக்கில், தனித்தனியாக ஆராதனை நடத்திவந்த கட்சிகள் ஒன்றானபோது பெண்களுக்கும் அங்கே பாட வழி பிறந்தது. இன்று தியாகராஜரின் நினைவு நாளான பகுள பஞ்சமியன்று அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் எழும்போது அதில் கலந்து ஒலிக்கிறதே பெண் குரல், அது ஒரு விழாவால் கிடைத்த உரிமை. சும்மா கிடைத்ததல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வாதத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் அவையில் முத்துப்பழனி என்றொரு பெண் கவி இருந்தார். தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' பாடினார். ராதையின் கோபத்தையும் ஆசையையும் ஒரு பெண்ணே பாடிய காவியம் அது. பிற்காலத்தில் அச்சேறியபோது எதை வெட்டினார்கள் தெரியுமா? சிருங்காரம் மிகுந்த சில பாடல்களை வெட்டினார்கள், அது போகட்டும். தன் குடும்பத்துப் பெண்களைப் பெயர் சொல்லிப் போற்றிய தொடக்கப் பகுதியையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். தனக்கு முன்னால் வந்தவர்களைக் கொண்டாடியிருந்தாள் ஒருத்தி. அந்தக் கொண்டாட்டத்தையும் அழித்தார்கள்! விழாவுக்குப் பயனில்லை என்றால், அதை அழிக்க இவ்வளவு பாடு எதற்கு?

அந்த நூலைச் சுவடியோடு ஒப்பிட்டு, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவரும் இதே நாகரத்தினம்மாள்தான். பெரிய பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். நாணம் பெண்ணுக்கு மட்டும்தான் உரியதா என்று திருப்பிக் கேட்டார் அம்மையார். மறு ஆண்டே ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. பிரகாசம் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் தடை நீங்கியது. ஏறக்குறைய 35 ஆண்டுகள்! அத்தனை காலமும் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இருந்ததால்தான் முத்துப்பழனி இன்று நம்மிடம் இருக்கிறார்.

ஒரு நாள் மாலை போட்டுவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம் என்றார் எதிரணித் தோழி. உண்மை, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அதற்கு விழாவை நிறுத்துவதா மருந்து? விழா நாளன்று அந்தப் படைப்பாளியின் ஒரு நூலை மறுபதிப்புச் செய்யுங்கள், ஒரு பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

நாகரத்தினம்மாள் 1952இல் மறைந்தார். தியாகராஜர் சன்னதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி இருக்கிறது. எதிரணியினர் அத்தனை பேரையும் அடுத்த ஆராதனைக்குத் திருவையாறு வரச் சொல்கிறேன். பஞ்சரத்தினம் முடிந்ததும் கூட்டத்தோடு கலைந்துவிடாமல், ஒரு நிமிடம் அந்தப் பக்கமும் திரும்பி நில்லுங்கள்.