வல்வெட்டித்துறைக் கப்பல் அமெரிக்கா போன கதை

(வல்லக்கோட்டையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



ஒரகடத்தில் உங்கள் கைகள் பூட்டி முடுக்கிய கார்கள் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறி வெளிநாடு போகின்றன. அந்தக் கப்பலை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? இன்று நான் பேசப்போவது யந்திரமில்லாத காலத்துக் கப்பலைப் பற்றி.

இரண்டு பாய்மரத்திலும் குறுக்கே பருமல் கட்டிச் சதுரப் பாய் விரித்தால் அது பிரிக். முன்மரத்தில் மட்டும் சதுரப் பாயும் பின்மரத்தில் நெடுக்குப் பாயும் இருந்தால் பிரிகாண்டைன். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் யுத்தத்துக்கும் வியாபாரத்துக்கும் பிரிக் ஓடாத சமுத்திரம் இல்லை. பின்காற்று வாய்த்தால் சதுரப் பாய்க்கு ஈடில்லை. ஆனால் அந்தப் பாயைச் சுருக்க ஆட்கள் மரமேற வேண்டும். பருமலுக்குக் கீழே தொங்கும் கயிற்றில் காலூன்றி, கப்பல் ஆட ஆட, நனைந்து கனத்த பாயை இழுத்துக் கட்ட வேண்டும். கை தவறினால் கடல்தான். இதற்கு ஆள் அதிகம் தேவை. கூலியை மிச்சம் பிடிக்க நினைத்த முதலாளிகள் பலர் நெடுக்குப் பாய் மட்டுமே உள்ள ஸ்கூனருக்குத் தாவினார்கள். கடற்காற்றிலும் கூலிக் கணக்கு உண்டு, பாருங்கள்!

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல் பெருகியது, பாய்க்கப்பல் ஒடுங்கியது. ஆனாலும் யாழ்ப்பாணத்தின் வடகரையில் வல்வெட்டித்துறைக்காரர்கள் விடவில்லை. சோளகக் காற்றில் பர்மாவுக்குப் போய், வாடைக் காற்றில் அரிசியோடு திரும்பினார்கள். அந்த ஊர்த் தச்சர்கள் வேப்பமரத்தால் கட்டியதுதான் ‘அன்னபூரணி’. நீளம் 89 அடி. கட்டியவர் சுந்தரம் மேஸ்திரியார் என்று ஊரார் சொல்வார்கள்.

சிறு படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் இக்கப்பலை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் தம் மனைவியின் பெயரைக் கப்பலுக்குச் சூட்டினார்: ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’. பணம் கொடுத்தவனுக்குப் பெயரும் சொந்தம்!

1937-ல் கப்பல் புறப்பட்டது. கேப்டன் வெள்ளைக்காரர். பாய் விரிக்கவும் சுருக்கவும் வல்வெட்டித்துறையார் ஐந்து பேர். ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று வழி. செங்கடலின் வடபாதியில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தே வீசும். சூயஸை நோக்கிப் போகும் பாய்க்கப்பலுக்கு அது எதிர்க்காற்று. இடவலமாக வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். நாள் முழுக்கப் பாடுபட்டாலும் கொஞ்ச தூரமே மிஞ்சும். மேட்டு நிலத்துக்குக் கவலை இறைத்தவர்களுக்கு அந்தப் பாடு புரியும். அதையும் கடந்து, அட்லாண்டிக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள்.

அங்கே கப்பலின் முகப்பில் வாங்கியவரின் மனைவி பெயர் இருந்தது. ஐவருக்கும் தலைவராக நின்ற தண்டையலின் பெயர் தம்பிப்பிள்ளை.