பதினொன்றாம் வகுப்பில் பள்ளி மாற்றுவதற்கு முன்

(நமது சங்கத்தின் கல்விக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பத்தாவதுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று பேசும்படி காரியதரிசி சொன்னார். என்ன படிக்கலாம் என்பதைச் சொல்ல இந்த ஹாலிலேயே என்னைவிட விஷயம் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். 31 வருஷம் கேந்திரிய வித்யாலயாவில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்தவன் நான். எந்தப் பள்ளியில், எந்த ஊரில் படிக்கலாம் என்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பத்தாவது வரை கேந்திரிய வித்யாலயாவிலோ, அரசு உதவி பெறும் பள்ளியிலோ நன்றாகப் படித்துக் கொண்டிருக்கும். பத்தாவது ரிசல்ட் வந்ததும் யாராவது ஒரு மாமா, "இங்கேயே வைத்திருந்தால் ஐ.ஐ.டி. கனவுதான்" என்பார். உடனே வேறு ஊரில் ஒரு தனியார் பள்ளி, ஹாஸ்டல், கோச்சிங் என்று லட்சக்கணக்கில் கட்டி விடுவோம். அந்தப் பள்ளி எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது என்று விசாரிக்கிறோம், சாப்பாட்டில் வெங்காயம் பூண்டு உண்டா என்று கூட விசாரிக்கிறோம். அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் எது என்பதால் குழந்தையின் விண்ணப்பத்தில் என்ன மாறும் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை.

நானும் விசாரிக்கவில்லை. என் மகன் நாகபுரியில் இருக்கிறான். பேரன் அங்கே கேந்திரிய வித்யாலயாவில் பத்தாவது வரை படித்தான். 2021ல் ஹைதராபாத்தில் ஒரு தனியார் ஜூனியர் காலேஜிலிருந்து ஒருவர் வீடு தேடி வந்தார். "மாநிலக் கோட்டா விஷயம் ஏதாவது மாறுமா?" என்று என் மருமகள் கேட்டாள். "அதெல்லாம் ஒன்றும் ஆகாதம்மா, ஜே.இ.இ. ஆல் இந்தியாப் பரீட்சை" என்றார் அவர். நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் என்ற முறையில் என்னைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. ஐ.ஐ.டி.யில் மாநிலக் கணக்கே கிடையாது. ஆனால் என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, பாதி இடம் வெளி மாநிலத்தாருக்கு. இதில் "அந்த மாநிலத்துப் பிள்ளை" யார் என்பதுதான் விஷயம். பிறந்த ஊர், அப்பா அம்மா வீடு, ரேஷன் கார்டு எதுவும் கணக்கில் வராது. முதல் தடவை பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் செய்த பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுதான் சொந்த மாநிலம். பிறகு வேறு மாநிலத்தில் இம்ப்ரூவ்மெண்ட் எழுதினாலும் மாறாது.

2023ல் ரேங்க் வந்தபோது என் பேரன் மகாராஷ்டிரக்காரன் இல்லை, தெலங்கானாக்காரன். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் நாகபுரி வி.என்.ஐ.டி. இருக்கிறது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான பட்டியலில் அவன் ரேங்குக்கு எலெக்ட்ரிகல் கிடைத்திருக்கும். கவுன்சலிங் முடிந்த பிறகு கடைசி ரேங்குகளை வெளியிடுகிறார்களே, அதை நானே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சொந்த மாநிலம் என்று அவனுக்குக் கிடைத்தது வாரங்கல். அங்கே நல்ல கிளைகளுக்கு அவன் ரேங்க் போதவில்லை. சரி, தெலங்கானா மாநிலக் கல்லூரிகளிலாவது உள்ளூர்க்காரனாக எடுத்துக் கொள்வார்களா என்றால், இரண்டே வருஷம் படித்தவனுக்கு அங்கே உள்ளூர் அந்தஸ்து கிடையாது. என்.ஐ.டி.க்குத் தெலங்கானாக்காரன், தெலங்கானாவுக்கு வெளியூர்க்காரன்! இப்போது வடகிழக்கே ஒரு என்.ஐ.டி.யில் சேர்ந்து படிக்கிறான். நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் வீட்டுக்கு வர இரண்டு நாள் ரயில்.

இதே விதி சிலருக்கு அனுகூலமாகவும் வரும். பெங்களூரில் பிறந்து வளர்ந்த குழந்தையை 11, 12க்கு மட்டும் சென்னையில் தாத்தா பாட்டி அகத்தில் விட்டுப் படிக்க வைத்தால், என்.ஐ.டி. கணக்கில் தமிழ்நாடு. சூரத்கல் கைவிட்டுப் போகும், திருச்சி கைக்கு வரும். அதே சமயம் கர்நாடகத்தில் ஒன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்குள் 7 வருஷம் படித்து, பத்தாவதோ பன்னிரண்டாவதோ அங்கே பாஸ் செய்திருந்தால் அந்த மாநில சி.இ.டி.க்கும் தகுதி உண்டு. தெரிந்து செய்தவர்கள் இருக்கிறார்கள், தெரியாமல் செய்து அதிர்ஷ்டம் அடித்தவர்களும் இருக்கிறார்கள்.

டாக்டருக்குப் படிக்க வைக்கிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீட் தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடம்தான் அகில இந்திய ஒதுக்கீடு. மீதி 85 சதவீதத்துக்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் அங்கே பாஸ் செய்திருக்க வேண்டும், டொமிசைல் சான்றும் வேண்டும். மத்திய அரசு ஊழியர் குழந்தைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. தெலங்கானாவில் 9 முதல் 12 வரை நான்கு வருஷப் படிப்பைப் பார்க்கிறார்கள். டெல்லியில் 11, 12 இரண்டும் டெல்லிப் பள்ளியில் இருக்க வேண்டும்.

டெல்லி உறுப்பினர்களுக்கு இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நமக்குத் தெரிந்த குடும்பம், வீடு கரோல் பாக். பெண் குழந்தை டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி ஒன்றில் பத்தாவது வரை படித்து நல்ல மார்க் வாங்கினாள். பெரிய பள்ளியில் போட்டால் நீட்டுக்கு உதவும் என்று நொய்டாவில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். பஸ் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்தப் பஸ் தினமும் மாநில எல்லையைத் தாண்டுகிறது என்பது யார் மனத்திலும் படவில்லை. கவுன்சலிங்கில் டெல்லியின் 85 சதவீதத்துக்கு அவள் தகுதி இழந்தாள். உத்தரப் பிரதேசத்தில் கேட்டால், பத்தாவதும் பன்னிரண்டாவதும் இங்கே படித்திருக்க வேண்டும், இல்லையேல் டொமிசைல் கொண்டு வா என்றார்கள். இரண்டும் இல்லை. அகில இந்திய 15 சதவீதம் ஒன்றுதான் மிச்சம். அந்த அம்மாள் என்னிடம் போனில், "ஆறு கிலோமீட்டர் இந்தப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டிருந்தால் போதும் இல்லையா ஸார்?" என்று கேட்டாள். ஆமாம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. டி.டி.யு. போன்ற டெல்லி அரசின் பொறியியல் பல்கலைக்கழகங்களிலும் 85 சதவீதம் டெல்லிப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்தவர்களுக்கே. குர்காவ்ன், நொய்டா, ஃபரிதாபாத் பள்ளிகளில் சேர்க்கிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக் கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பி வர நினைப்பவர்களுக்கு: பொறியியலுக்கு 8 முதல் 12 வரை, மருத்துவத்துக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் நேட்டிவிடி சான்றிதழ் வேண்டாம். வெளியே படித்தவர்களுக்கு அந்தச் சான்றிதழ் அவசியம். அதை வாங்கத் தாசில்தார் ஆபீசுக்கு ஜூன் மாதம் ஓடுவதைவிட, இந்த வருஷமே ஊருக்குப் போகும்போது பெற்றோருடைய பழைய பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து வைத்துக் கொள்வது நல்லது. இன்னொரு மாநிலத்திலும் சொந்த மாநிலத்தார் என்று உரிமை கோரிவிட்டு இங்கேயும் கோரக் கூடாது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீதம் 2019 முதல் மத்திய நிறுவனங்களில் இருக்கிறது, தமிழ்நாட்டு மாநில இடங்களில் இல்லை. 69, 31 கணக்கை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். அதை நான் இன்று எடுக்கப் போவதில்லை.

ஆனால் அங்கே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மனத்தை இன்னும் உறுத்துகிற விஷயம். 2018ல் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சமையல்காரர் குடும்பம். பையன் எட்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவன், கணக்கிலும் அறிவியலிலும் கெட்டிக்காரன். எங்கள் நன்கொடைக் குழுவுக்கு விண்ணப்பம் வந்தது. நல்ல தனியார் பள்ளியில் சேர்த்து, பன்னிரண்டாவது வரை ஃபீஸ் கட்டலாம் என்று நான்தான் சிபாரிசு செய்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். 2020 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டு வந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. அதில் சேருகிறவர்களுக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எங்கள் பையன் மூன்று வருஷம் அரசுப் பள்ளி, நான்கு வருஷம் நம் தர்மத்தில் தனியார் பள்ளி. அந்தப் பட்டியலில் அவன் இல்லை.

சட்டம் வருவதற்கு முன் செய்தது, யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்று குழுவில் சமாதானம் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் இருந்திருந்தால் சீட் கிடைத்திருக்கும் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். முயன்று பார்க்க ஒரு வாசல் இருந்திருக்கும். அவன் பி.எஸ்ஸி. படித்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு நன்றி சொல்லிப் போன் செய்கிறான், அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அதனால் இப்போது எங்கள் குழுவில் அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு உதவி என்றால் பள்ளியை மாற்றுவதில்லை. ட்யூஷனுக்கும் புத்தகத்துக்கும் பணம் தருகிறோம்.

டம்மி ஸ்கூல் பற்றி ஒரு வார்த்தை. பேருக்கு ஒரு பள்ளி, நாள் முழுதும் கோச்சிங் என்கிற ஏற்பாடு. சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை வேண்டும் என்பது விதி. 2024 செப்டம்பரில் ராஜஸ்தானிலும் டெல்லியிலும் 27 பள்ளிகளில் திடீர் சோதனை நடத்தினார்கள். நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். வேறொரு ஆபத்தும் உண்டு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்குப் பன்னிரண்டாவதில் ஐந்து பாடங்களில் சேர்ந்து 75 சதவீதம், அல்லது அந்தந்த போர்டில் முதல் 20 பர்சண்டைலுக்குள் இருக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று பாஷைப் பாடம். இரண்டு வருஷம் இங்கிலீஷ் புத்தகத்தையே திறக்காத பிள்ளை நல்ல ரேங்க் வாங்கிவிட்டு இங்கே தடுக்கி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காமர்ஸ், ஆர்ட்ஸ் குழந்தைகளுக்கு மாநிலத் தொந்தரவு குறைவு. டெல்லி பல்கலைக்கழகத்தில் 2021 வரை போர்டு மார்க்தான் எல்லாம், சில இடங்களில் கட்-ஆஃப் 100 சதவீதம் என்று போட்டார்கள். 2022 முதல் சி.யு.இ.டி. மதிப்பெண். இப்போது மார்க்கைத் தாராளமாகப் போடும் பள்ளி தேடிப் போவதில் லாபம் இல்லை. ஆனால் பன்னிரண்டாவதில் படித்த பாடங்களைத்தான் சி.யு.இ.டி.யில் எழுத வேண்டும் என்கிறார்கள். புதுப் பள்ளியில் சேர்க்கும்போது கணக்கை விட்டுவிட்டு வேறு எளிய பாடம் எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கணக்கு இல்லாமல் அங்கே எகனாமிக்ஸ் ஆனர்ஸ் கிடையாது.

பதினொன்றாவதில் பதிவு செய்து விட்டால் பன்னிரண்டாவதில் பள்ளி மாற்றுவது லேசான காரியமில்லை, போர்டு அனுமதி வேண்டும். ஆகையால் டி.சி. வாங்குவதற்கு முன்பே அந்தந்த மாநிலத்தின் போன வருஷத்து மருத்துவ, பொறியியல் விவரக் குறிப்பேட்டை இறக்கி, தகுதி என்ற பக்கத்தை மட்டும் படித்து விடுங்கள். விதிகள் வருஷா வருஷம் மாறும், நான் சொன்னதையும் சரி பார்த்துக் கொள்ளுங்கள். படித்துப் புரியவில்லை என்றால் எனக்குக் கடிதம் எழுதுங்கள், சங்க விலாசத்துக்கு அனுப்பினால் வந்து சேரும்.

முன் வரிசையில் ஒரு மாமி வெகு நேரமாகக் கையைத் தூக்கிக் கொண்டிருக்கிறார். அவர் பேத்தி இந்த ஏப்ரலில் புனேயிலிருந்து கோட்டா போகிறாளாம். கேளுங்கோ மாமி.