தரையில் நிற்கும் கால்

(மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சீன சினிமாப் படங்களில் ஒரு காட்சி அடிக்கடி வரும். பழைய காலத்து உடையில் மெல்லிய பெண்ணொருத்தி சுழன்று ஓர் உதை விடுவாள். நாலு தடியர்கள் சுருண்டு விழுவார்கள். நாமும் கை தட்டுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சீனப் பெண்களில் மிகப் பலரால் அப்படி உதைத்திருக்க முடியுமா?

முடியாது. ஏனென்றால் அவர்களுடைய பாதங்கள் சிறு வயதிலேயே ஒடிக்கப்பட்டன. அரண்மனை நடனத்தில் ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் இவ்வழக்கம், பிரபுக்கள் மாளிகை வழியாக ஏழைக் குடியானவன் குடிசைக்கும் வந்து சேர்ந்தது. நாலைந்து வயதுச் சிறுமியின் பெருவிரலை மட்டும் விட்டுவிட்டு, மற்ற நான்கு விரல்களையும் உள்ளங்காலுக்கு அடியில் மடக்கி, நீண்ட துணியால் இறுக்குவார்கள். குதிகாலும் முன்பாதமும் நெருங்கும்படி இழுத்துக் கட்டுவார்கள். பாதத்தின் வளைவு ஒடியும். மூன்று அங்குலத்தில் நின்றுவிட்ட பாதத்துக்குத் 'தங்கத் தாமரை' என்று பெயர்! அழுகிய விரலைத் தாமரை என்று அழைத்தவர்களின் ரசனையை என்னவென்பது!

இனி உதைக்கு வருவோம். பார்க்கிறவர்கள் காற்றில் எழும்பும் காலைப் பார்க்கிறார்கள். சண்டை கற்றுக்கொடுக்கும் வாத்தியாரோ தரையில் நிற்கும் காலைப் பார்ப்பார். ஒரு கால் எழும்பும் கணத்தில் தேகத்தின் பாரமெல்லாம் மறு பாதத்தில் இறங்குகிறது. குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி ஆகிய மூன்று இடங்களிலும் அது மண்ணைப் பற்ற வேண்டும். சுழன்று உதைக்க வேண்டுமானால் முன்பாதத்தின் மேல் உடம்பு திரும்ப வேண்டும். கட்டிய காலுக்கு முன்பாதம் ஏது? பாரமெல்லாம் குதிகாலிலேயே நிற்கிறது. கெண்டைக்கால் சதை வேலையின்றி மெலிந்துவிடுகிறது. துள்ளி எழும்புவதற்கான விசையும் அதோடு போய்விடுகிறது.

'தெற்கே கை, வடக்கே கால்' என்பது சீனச் சண்டைக் கலையில் ஒரு வழக்கு. காலுக்குப் பேர்போன அந்த வடக்கிலேதான் பெண்ணின் காலைக் கட்டும் வழக்கமும் கடுமையாக இருந்தது!

கட்டிய பாதத்தோடு கயிற்றின் மேல் நடந்த வித்தைக்காரிகளும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அவர்கள் வயிற்றுக்காக அந்தப் பாதத்தோடு பழகியவர்கள். ஆனால் பீக்கிங் நாடக மேடையில் சின்னப் பாதத்தோடு சண்டை போட்ட 'பெண்கள்' பலர் ஆண் நடிகர்கள்! மரத்தால் செய்த சிறு பாதத்தைக் காலில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் அதை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனார்கள்.

இந்தக் கொடுமை அழகுக்காக மட்டுந்தானா? ஹில் கேட்ஸ், லாரல் பாஸன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கிராமத்து மூதாட்டிகளிடம் விசாரித்து 2017-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். சிறுமியை ஓட விடாமல் உட்கார வைத்து, நூற்கவும் நெய்யவும் செய்வதற்கு இந்தக் கட்டு உதவியது என்கிறார்கள். ஆலை நூலும் ஆலைத் துணியும் வந்து கைவேலையின் வருமானம் போனபின், கட்டும் வழக்கமும் தளர்ந்ததாம். காலைக் கட்டியது கையின் உழைப்புக்காக!

கட்டாதவர்களும் இருந்தார்கள். தெற்கத்திய ஹக்கா பெண்கள் வயலில் உழைத்தவர்கள், பாதம் கட்டாதவர்கள். 1851-ல் தைப்பிங் கிளர்ச்சி எழுந்தபோது அவர்கள் படையில் சேர்ந்தார்கள். 1853-ல் நான்கிங் விழுந்ததும், அந்நகரப் பெண்களையும் கட்டை அவிழ்த்துவிட்டு வேலைக்கு வரச் சொன்னார்கள் கிளர்ச்சிக்காரர்கள். உத்தரவு நியாயமானதே. ஆனால் ஒடிந்த எலும்பு உத்தரவுக்குப் பணியுமா? கட்டை அவிழ்ப்பதே பெரும் வேதனை.

அந்த வேதனையைத் தாமாகவே ஏற்றவர் சியூ ஜின். தம் பாதக் கட்டை அவிழ்த்தெறிந்து, 1904-ல் ஜப்பான் சென்று படித்தார். வாள் பிடித்தார், குதிரை ஏறினார். மஞ்சூ ஆட்சியை எதிர்த்த குற்றத்துக்காக 1907 ஜூலையில் ஷாவோசிங் நகரில் அவருடைய தலையை வெட்டினார்கள்.

1912-ல் குடியரசு இவ்வழக்கத்தைத் தடை செய்தது. ஆயினும் மூலை முடுக்குகளில் அதற்குப் பிறகும் பல காலம் கட்டினார்கள். எழுபது வயதைத் தாண்டிய 193 பெய்ஜிங் மூதாட்டிகளைப் பரிசோதித்த ஆய்வொன்று 1997-ல் வெளியாயிற்று. பாதம் கட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தடுக்கி விழுந்திருந்தார்கள். உதையை விடுங்கள்; கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே அவர்களில் பலரால் முடியவில்லை.